நான்கு விரற்கடை

நம் இலக்கண நூலார் ஒலியை அளக்க மாத்திரை என்னும் கோலை வைத்தனர். கண் ஒரு முறை இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. விரல் ஒரு முறை நொடிக்கும் நேரமும் அதுவே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்த அப்பெருமக்கள், மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்றும் நுணுகிக் கணக்கிட்டனர். அதற்கும் கீழே ஓர் அளவு மக்கள் வாழ்வில் வேண்டியிருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆனால் 1984 ஆம் ஆண்டு ஆகஸ்டு 8 ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஒலிம்பிக் அரங்கில், கால் மாத்திரையினும் பன்மடங்கு சிறிய காலத்துளி ஒன்று ஒரு பெண்ணின் புகழையும் ஒரு நாட்டின் ஏக்கத்தையும் வரையறுத்தது. அந்தக் காலத்துளி, ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு. அந்தப் பெண், கேரளத்துப் பய்யோலி ஊரினரான பி. டி. உஷா.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர்களைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் கட்டுரைகள் வருவது வழக்கம். ஓட்டக்காரி ஒருத்தியின் வரலாற்றுக்கு இங்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். தலைநகரில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் இரு வகை உறவு உண்டு. உஷாவின் வெற்றிகளிலும் தோல்விகளிலும் சில இத்தில்லி மண்ணிலேயே நிகழ்ந்தன. அன்றியும், அவர் விட்டுச்சென்ற கணக்கு ஒன்றைப் பின்னாளில் எட்டிப்பிடித்தவள் கொங்கு நாட்டுத் தமிழ்ப் பெண். அதனைப் பின்னர் கூறுவோம்.

உஷாவுக்கு முன்னர் இந்நாட்டில் ஓடிய பெண்களை மறந்துவிட்டு அவர் கதையைத் தொடங்குவது முறையன்று. விடுதலை பெற்ற நான்காம் ஆண்டில், 1951 இல், முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லியில் நடந்தது. அதில் ரோஷன் மிஸ்திரி என்னும் நங்கை 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நீலிமா கோஷ், மேரி டிசௌசா என்னும் இருவர் இந்தியாவுக்காக ஓடினர். 1954 இல் மணிலாவில் ஸ்டெபி டிசௌசா, கிறிஸ்டின் பிரௌன், வயலட் பீட்டர்ஸ், மேரி டிசௌசா ஆகிய நால்வரும் 4 × 100 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்றனர். 1970 இல் பாங்காக்கில் கமல்ஜித் சாந்து 400 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். ஆசியப் போட்டியில் தனியொருத்தியாகத் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. இவர்கள் வெட்டிய பாதை இருந்தமையாலேயே பின்வந்தவர் அதில் விரைந்து ஓட முடிந்தது.

கோழிக்கோட்டுக்கு வடக்கே, கடலை ஒட்டிக் கொயிலாண்டிக்கும் வடகரைக்கும் இடையே அமைந்தது பய்யோலி. 1964 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள் பிறந்த உஷா, இளமையில் நோயுற்ற குழந்தையாகவே இருந்தார். தந்தையார் பைதல் துணி வாணிகம் செய்தவர். தாயார் பெயர் இலட்சுமி. செல்வக் குடும்பம் அன்று. நான்காம் வகுப்பில் படிக்கும்போதே, தம்மினும் மேல் வகுப்பில் இருந்த பள்ளியின் சிறந்த ஓட்டக்காரியை உஷா முந்திவிட்டார் என்பர்.

1976 இல் கேரள அரசு பெண்களுக்கெனக் கண்ணூரில் ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட சுமார் நாற்பது சிறுமியருள் உஷாவும் ஒருவர். இருநூற்றைம்பது ரூபாய் உதவித்தொகையும் கிடைத்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஓடுவதற்காகவே வீட்டைவிட்டு வேறூருக்கு அனுப்பும் துணிவு அந்நாளில் எளிதில் வருவதன்று. தாயும் தந்தையும் அனுப்பினர். இவ்வரலாற்றின் முதல் வெற்றி அவர்களுடையது என்றே நாம் கருதுகிறோம்.

அங்கேதான் ஓ. எம். நம்பியார் என்னும் ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். விமானப்படையில் பணிபுரிந்தவர், தாமும் ஓட்டக்காரராக இருந்தவர், பின்னர்ப் பாட்டியாலாவில் பயிற்சியாளர் கல்வி பெற்றவர். பரிசளிப்பு விழா ஒன்றில் உஷாவை முதன்முதலாகக் கண்டபோது, அவருடைய மெலிந்த உருவமும் விரைந்த நடையுமே தம் கருத்தைக் கவர்ந்தன என்று நம்பியார் பிற்காலத்தில் கூறினார். மாணாக்கர் ஆசிரியரைத் தேடிச் செல்வது நம் மரபு. ஆசிரியர் மாணாக்கரைக் கண்டெடுப்பது அருமை. அன்று தொடங்கிய அந்த உறவு பல்லாண்டு நீடித்தது. மண்தரையிலும் கடற்கரை மணலிலும் நாள்தோறும் நடந்த பயிற்சியே உஷாவின் கால்களுக்கு வலிமை தந்தது. 1978 இல் கொல்லத்தில் நடந்த இளையோர் போட்டியில் அவர் பெற்ற பதக்கங்கள் ஆறு. அப்பொழுது அவருக்கு வயது பதினான்கு.

1980 இல், பதினாறு வயதில், மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். முதற்சுற்றோடு வெளியேற நேர்ந்தது. அதனைத் தோல்வி என்பதைவிட, உலகம் எத்துணை விரைவாக ஓடுகிறது என்பதை நேரில் கண்ட பாடம் எனலாம்.

இரண்டாண்டு கழித்து, 1982 இல், ஆசியப் போட்டி மீண்டும் தில்லிக்கு வந்தது. அந்த நாட்களை நம் சங்கத்து மூத்த உறுப்பினர் பலர் இன்றும் நினைவுகூர்வர். நகரில் புதிய மேம்பாலங்களும் புதிய அரங்குகளும் எழுந்தன. வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அவ்வாண்டே. ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி பெற்றார். முன்னதில் பிலிப்பைன்ஸ் நாட்டு லிடியா டி வேகாவும் பின்னதில் ஜப்பானிய நங்கை ஹிரோமி இசோசாகியும் அவரை முந்தினர். 400 மீட்டர் தடையோட்டத்தில் தங்கம் வென்றவர் கேரளத்தின் மற்றொரு மகளான எம். டி. வல்சம்மா. அந்நாளில் உஷா தடையோட்டக்காரி அல்லர்.

அடுத்த ஆண்டு குவைத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் ஓடித் தங்கம் பெற்றபின், நம்பியாரின் எண்ணம் புதிய திசையில் சென்றது. 1984 ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. நூறு மீட்டரின் வேகமும் நானூறு மீட்டரின் தாங்குதிறனும் ஒருங்கே உடையவர்க்கு அதில் இடமுண்டு. எனவே ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்த நிலையில் உஷா தடைகளைத் தாண்டப் பழகினார்.

அந்த ஓட்டத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் நலம். அரங்கை ஒரு முறை முழுதும் சுற்றவேண்டும். வழியில் பத்துத் தடைகள்; ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை அடி உயரம். முதல் தடை 45 மீட்டரில் நிற்கும்; பின்னர் 35 மீட்டருக்கு ஒன்று; கடைசித் தடையைத் தாண்டியபின் 40 மீட்டர் வெற்றோட்டம். தடைக்குத் தடை இத்தனை எட்டு என்று கணக்கிட்டு ஓடவேண்டும். எட்டு ஒன்று பிசகினாலும் தாளம் கெடும்; தாளம் கெட்டால் காலம் போகும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா அரையிறுதியை 55.54 விநாடியில் ஓடி முடித்து இறுதிக்கு வந்தார். ஒலிம்பிக் தடகளத்தில் இறுதிச் சுற்றை எட்டிய முதல் இந்தியப் பெண் என்னும் பெயர் அப்பொழுதே அவருக்கு உரியதாயிற்று. ஒலிம்பிக் குடியிருப்பில் தமக்கு ஏற்ற உணவு கிடையாமல், அரிசிக் கஞ்சியும் வடுமாங்காய் ஊறுகாயும் உண்டே நாட்களைக் கழித்ததாகவும், கடைசி 35 மீட்டரில் உடலில் ஆற்றல் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் உஷா பிற்காலத்தில் கூறினார். சொந்த ஊரின் உணவுக்கு ஏங்கி, கொண்டுவந்த ஊறுகாய்ச் சாடியை நம்பி அயலூரில் வாழ்ந்து பழகிய நமக்கு, இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இறுதி ஓட்டம் தொடங்கியது. உஷா நன்றாகப் புறப்பட்டார். ஆனால் உடன் ஓடியவர் ஒருவர் ஒலி கேட்கும் முன்பே புறப்பட்டுவிட்டமையால் அனைவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். இரண்டாம் முறை உஷாவின் தொடக்கம் முன்போல் விரைவாக அமையவில்லை. ஆயினும் தடைகளை ஒவ்வொன்றாகக் கடந்து, முன்னணியில் இருந்தோரை நெருங்கிவந்தார். மொராக்கோ நாட்டின் நவால் எல் முத்தவாக்கல் 54.61 விநாடியில் முதலாவதாக வந்தார். அமெரிக்கரான ஜூடி பிரௌன் 55.20 விநாடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாம் இடத்துக்கு இருவர் ஏறத்தாழ ஒருசேர வந்தனர். படம் பார்த்துத்தான் முடிவு கூற இயன்றது. ருமேனிய நங்கை கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41, உஷா 55.42.

அந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு விநாடி என்பது சுமார் ஏழு சென்டிமீட்டர்; நம் பழைய அளவில் சொன்னால் நான்கு விரற்கடை. நானூறு மீட்டர் ஓடியபின் நான்கு விரற்கடை! மார்பை ஒரு கணம் முன்னதாகச் சாய்த்திருந்தால் கடந்திருக்கக்கூடிய தூரம். 1960 இல் ரோம் நகரில் மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்ததையும், அந்த நான்காம் இடம் அவர் நெஞ்சைவிட்டு நீங்காதிருந்ததையும் நாம் அறிவோம். உஷாவின் நான்காம் இடம் அதனினும் நுண்ணிய இடைவெளியால் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதே ஒலிம்பிக்கில், வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம் ஆகியோருடன் சேர்ந்து உஷா 4 × 400 மீட்டர் தொடரோட்டத்திலும் ஓடி, இந்திய அணி இறுதிச்சுற்றுக்கு வரத் துணைநின்றார். பதக்கம் நழுவிய மகளிர் சிலர் அரங்கைவிட்டு மனமுடைந்து செல்வதுண்டு. உஷா மீண்டும் தடத்தில் இறங்கினார். அவரது இயல்பைக் காட்ட இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அடுத்த ஆண்டு, 1985 இல், ஜாகர்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. அங்கே உஷா 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள், 400 மீட்டர் தடையோட்டம், 4 × 400 மீட்டர் தொடரோட்டம் ஆகிய ஐந்திலும் தங்கம் வென்றார். 4 × 100 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலமும் பெற்றார். ஒரே போட்டியில் ஐந்து தங்கம்! அவ்வாண்டு அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பயிற்சியாளர்களுக்கென அவ்வாண்டே ஏற்படுத்தப்பட்ட துரோணாசாரியர் விருதைப் பெற்ற முதல்வருள் நம்பியாரும் ஒருவர்.

1986 இல் சியோல் நகரத்து ஆசியப் போட்டியில் இந்தியா பெற்ற தங்கப் பதக்கங்கள் மொத்தம் ஐந்து. அவற்றுள் ஒன்று மல்யுத்த வீரர் கர்தார் சிங் பெற்றது. எஞ்சிய நான்கும் உஷாவின் ஓட்டத்தால் வந்தவை. 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடையோட்டம் மூன்றும் தனியாக வென்றவை. நான்காவது, ஷைனி ஆபிரகாம், வந்தனா ராவ், வந்தனா ஷான்பாக் ஆகியோருடன் பகிர்ந்த தொடரோட்டம். 100 மீட்டரில் மட்டும் லிடியா டி வேகா மீண்டும் முந்த, உஷாவுக்கு வெள்ளி கிடைத்தது. ஒரு பெருநாட்டின் மானத்தை மெலிந்த இரு கால்கள் தாங்கி நின்றன எனின் அது மிகையாகாது. ‘பய்யோலி எக்ஸ்பிரஸ்’ என்று நாடே அவரைச் சீராட்டியது.

சீராட்டிய நாவே சினந்து பேசவும் தயங்கவில்லை என்பதையும் வரலாறு எழுதுவோர் மறைத்தல் கூடாது. 1988 இல் சியோல் ஒலிம்பிக்குக்குச் சென்றபோது உஷாவின் குதிகாலில் காயம் இருந்தது. முதற்சுற்றைக் கடக்க இயலவில்லை. முன்னர் மாலை சூட்டியோரே கடுஞ்சொல் வீசினர். வென்றபோது ‘நம் மகள்’ என்றோர், தோற்றபோது ‘அவள் தோற்றாள்’ என்றனர். இஃது அந்நாளைய குறை மட்டுமன்று. அயல்நாட்டு வீராங்கனையர் ஆண்டு முழுதும் பெரும்போட்டிகளில் ஓடிப் பழக, நாம் நான்காண்டுக்கு ஒருமுறை நினைவுகூர்ந்து பதக்கம் கேட்கிறோம். விதைக்காத வயலில் விளைச்சல் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

உஷா சொல்லால் மறுமொழி கூறவில்லை. 1989 இல் ஆசியத் தடகளப் போட்டி தில்லிக்கே வந்தது. இந்நகரத்து மக்களின் கண்முன்னே நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார். ஏழாண்டுக்கு முன் இதே நகரில் இரு வெள்ளியோடு நின்ற பெண், இப்பொழுது 200 மீட்டர், 400 மீட்டர், தடையோட்டம், தொடரோட்டம் ஆகிய நான்கிலும் முதல்வர். 1990 இல் பெய்ஜிங்கில் மூன்று வெள்ளி பெற்றபின் ஓய்வை அறிவித்தார். 1991 இல் திருமணம்; அடுத்த ஆண்டு ஆண் மகவு.

பெண்ணின் விளையாட்டு வாழ்வு திருமணத்தோடு முற்றுப்பெறும் என்பது நம்மிடையே எழுதாச் சட்டம். உஷா அச்சட்டத்தையும் ஒரு தடையாகவே கொண்டு தாண்டினார். கணவர் சீனிவாசனின் ஊக்கத்தோடு மீண்டும் பயிற்சி தொடங்கி, 1994 இல் ஹிரோஷிமாவில் தொடரோட்டத்தில் வெள்ளி பெற்றார். 1998 இல் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், தம் முப்பத்து நான்காம் வயதில், 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலமும், தொடரோட்டங்களில் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 1983 முதல் 1998 வரை ஆசியத் தடகளப் போட்டிகளில் மட்டும் அவர் பெற்றவை 14 தங்கம், 6 வெள்ளி, 3 வெண்கலம். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 4 தங்கம், 7 வெள்ளி. 2000 ஆம் ஆண்டில் ஓட்டத்திலிருந்து முற்றிலும் விலகினார்.

விலகியவர் வீட்டில் அமரவில்லை. 2002 இல் கொயிலாண்டியில் உஷா தடகளப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது கினாலூருக்கு மாறியது. சிற்றூர்ச் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, தங்க இடமும் உணவும் கல்வியும் பயிற்சியும் அளிக்கும் நிலையம் அது. நம்பியார் தமக்குச் செய்ததைத் தாம் பிறர்க்குச் செய்வதே ஆசிரியக் கடன் தீர்க்கும் வழி என்று உணர்ந்தார் போலும். அப்பள்ளியின் மாணவி டின்டு லூக்கா 2010 இல் 800 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். 2015 இல் அதே தூரத்தில் ஆசியத் தங்கம் வென்றார். நம்பியாருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். 2022 இல் உஷா மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் பெண் ஆனார்.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கணக்குக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸில் பதக்கத்தைத் தவறவிட்ட அந்த 55.42 என்னும் எண் இந்தியாவின் தேசியச் சாதனையாக நிலைத்தது. ஆண்டுகள் பல உருண்டன. நல்ல தடங்களும் நல்ல காலணிகளும் அயல்நாட்டுப் பயிற்சியும் வந்தன. எவரும் அதனை எட்டவில்லை. 2023 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடையோட்டத்தை ஓடி முடித்தபோது கருவி காட்டிய காலம் 55.42 விநாடி. ஒரு நூற்றுக்கூறு கூடவுமில்லை; குறையவுமில்லை. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், பய்யோலிப் பெண் நின்ற அதே கோட்டில் கோவைப் பெண் வந்து நின்றாள். மறுநாள் இறுதி ஓட்டத்தில் வித்யா வெண்கலம் வென்றார். தொடரோட்டங்களில் இரு வெள்ளியும் பெற்றார். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே போட்டியில் இந்தியாவுக்காகத் தடையோட்டம் ஓடியவர். ஒரே வீட்டில் இரு பெண்களை ஓடவிட்ட பெற்றோரை நாம் வணங்குகிறோம்.

வரலாற்றில் நான்காம் இடத்துக்குப் பதக்கம் இல்லை. ஆனால் அதற்குப் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெண்கலம் பெற்றிருந்தால் அது ஒரு வீட்டின் பேழையில் இருந்திருக்கும். கிடையாத அந்த வெண்கலமோ, இரு தலைமுறைப் பெண்களுக்கு எட்டவேண்டிய எல்லையாகத் தடத்தின்மீதே நின்றது.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைக்கிறோம். பத்து வயதுவரை சிறுமியர் சிறுவரோடு சமமாக ஓடுகின்றனர், பரிசும் பெறுகின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் அவர்களுடைய பெயர்கள் கோலப் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் மாறிவிடுகின்றன. கோலமும் பாட்டும் நன்று. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஓட விரும்பும் பெண்ணை நிறுத்தியது அவளுடைய கால்களா, நம்முடைய தயக்கமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளவேண்டும். படிப்புக் கெடும், வெயிலில் நிறம் மங்கும், ஊரார் என் சொல்வார் என்னும் சொற்கள் நம் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றன. பன்னிரண்டு வயது மகளைக் கண்ணூருக்கு அனுப்பிய அந்தத் துணி வணிகர் இச்சொற்களைக் கேளாதவரா? கேட்டும் அனுப்பினார்.

எல்லாப் பெண்களும் உஷா ஆகமாட்டார்கள்; ஆகவேண்டும் என்பதுமில்லை. ஓட நினைப்பவளுக்கு ஓட இடம் கொடுப்பது மட்டுமே பெற்றோர்க்கும் சங்கத்துக்கும் உரிய கடமை. வரும் ஆண்டு விழாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் ஓட்டப்பந்தயம் உண்டு என்னும் அறிவிப்பு வருமாயின், அதில் நான்காவதாக வருபவளுக்கும் நாம் எழுந்து நின்று கைதட்டுவோமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.